ராஜாவுக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியாது

கோவை கதாபாத்திர விளையாட்டு மன்றத்தின் நேர்முகத் தேர்வில் அருள்குமார் முதல் கேள்வியிலேயே தோற்றுப்போனான்.

மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் ஆவி பறக்கும் பஜ்ஜி. செயலாளர் வெங்கடபதி அதைச் சுட்டிக்காட்டி, "தம்பி, இதுல என்ன இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"வாழைக்காய் பஜ்ஜிங்க."

எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

"அது உங்களுக்குத் தெரியும். உங்க கேரக்டருக்கு எப்புடிங்க தெரியும்?"

"எனக்கு இன்னும் கேரக்டரே குடுக்கலீங்களே."

"அப்ப இன்னும் சுத்தமாத் தெரியக் கூடாதுங்களே!" என்றார் வெங்கடபதி. பஜ்ஜி ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. அதில் பஜ்ஜி இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மன்றத்தின் வரலாறு பெருமைக்குரியது. தலைவர் பாலுசாமி கணபதியில் வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து 1989-ல் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே விதிப்புத்தகம், குகை வரைபடம், இருபது முகம் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கட்டை. நடுவர் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, கட்டையை உருட்டி, பூதங்களோடு சண்டை போட வேண்டும். அமெரிக்காவில் இதைப் பையன்கள் தரையில் படுத்துக்கொண்டு விளையாடுகிறார்களாம். கோயமுத்தூரில் அப்படி விட்டுவிட முடியுமா? தலைவர், செயலாளர், ஆண்டறிக்கை, பொன்னாடை எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. பிளாஸ்டிக் கட்டை தொலைந்ததும் பாலுசாமி தன் பட்டறையிலேயே வார்ப்பிரும்பில் ஒன்று வார்த்தார். அதை உருட்டி இரண்டு கண்ணாடி மேசைகள் உடைந்த பிறகு, மன்றம் கூடும் அவருடைய கிரைண்டர் ஷோரூம் மாடியில் கருங்கல் பலகை போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது ஒரு விதி. ஆட்டக்காரருக்குத் தெரிந்ததைக் கதாபாத்திரம் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் புத்தகம் சொன்னது. குகைக்குள் பூதம் இருப்பது வரைபடத்தைப் பார்த்த உங்களுக்குத் தெரியலாம். உங்கள் வீரனுக்குத் தெரியாது. அவன் விசில் அடித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். பாலுசாமிக்கு இது போதவில்லை.

"அமெரிக்காக்காரன் ஒரு பக்கந்தான் அடைச்சிருக்கறான். இந்தப் பக்கம் தொறந்தே கெடக்குது பாருங்க" என்று சொல்லி, கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது ஆட்டக்காரருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என்ன தீர்மானம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

விதியைக் காக்க ஒரு கண்காணிப்பாளர். ஒப்பணக்காரத் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நாகூர் மீரான்தான் அவர். எவர் முகத்திலாவது அறிவின் சாயல் தெரிந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டுவார். அட்டை வாங்கியவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

அருள்குமார் இந்த மாடிக்கு ஏறி வந்தது பூதத்தைக் கொல்வதற்காக அல்ல. அவன் சோமனூர்க்காரன். தறிக்கான உதிரிப்பாகங்கள் விற்பவன். பாலுசாமியின் மகள் லோகப்பிரியாவை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சந்தித்து இரண்டு வருடமாகிறது. இப்போது அவளுக்குத் தாராபுரத்தில் ஒரு ரைஸ் மில் மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே சொல்லக் கூடாதா அம்மணி?" என்று கேட்டான் அவன்.

"எத்தனை தடவைங்க சொல்றது? வாயைத் தொறந்தா 'அப்பறம் பேசலாம் கண்ணு'ன்னு போயிர்றாரு. அவருக்கு ஊட்டுல காது கேக்காதுங்க. மன்றத்துல கேக்கறதுதான் காதுல ஏறும். நீங்க அங்க போய் நல்ல பேரு வாங்குங்க."

எனவே மறுவாரம் அவன் மறுபடியும் தேர்வுக்குப் போனான்.

"பேரு என்னங்க தம்பி?"

"தெரியாதுங்க."

"அப்பா பேரு?"

"தெரியாதுங்க."

"எதுக்கு வந்தீங்க?"

"அதும் தெரியாதுங்க."

பாலுசாமியின் கண்கள் கலங்கிவிட்டன. "இப்புடி ஒரு பையனைப் பாத்து எத்தனை நாளாச்சுங்க!" என்றார். கொடூரன் என்ற காட்டுமிராண்டிக் கதாபாத்திரம் அன்றே அவனுக்கு வழங்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நகர்ந்தன. முதல் பூதத்தைப் பார்த்ததும் அருள்குமார், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க, வெட்டோணும்" என்றான். மீரான் சிவப்பு அட்டையை நீட்டினார்.

"மரியாதை உங்களுதுங்க தம்பி. கொடூரனுக்கு மரியாதை தெரியாது."

"மன்னிச்சுக்குங்க."

இதற்கு இன்னொரு அட்டை.

வெங்கடபதியும் மீரானும் ஏழு வருட நண்பர்கள். ஆனால் கதையில் வெங்கடபதியின் மந்திரவாதி வடக்கே ஒரு கோபுரத்திலும், மீரானின் திருடன் தெற்கே ஒரு சிறையிலும் இருந்தார்கள். இருவரும் இன்னும் சந்திக்கவில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போய்விடுவார்கள். மீரான் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை ஒரு ஞாயிறன்று நீட்டியபோது, "ஆருங்க நீங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார் வெங்கடபதி. இந்தச் சம்பவம் ஆண்டறிக்கையில் 'முன்மாதிரி' என்ற தலைப்பில் வெளியானது.

பாலுசாமியின் மனைவி சாந்தாமணிக்கு விளையாட்டில் அக்கறையில்லை. ஆனால் ஷோரூமுக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து பலகாரத் தட்டோடு மேலே வரும்போது, "பஜ்ஜி கொண்டாந்திருக்கறனுங்க" என்று சொல்லிவிடுகிறாள் என்று புகார் எழுந்தது. தகவல் கசிவைத் தடுக்க அவளையும் 'சிற்றுண்டி உறுப்பினர்' ஆக்கி, விதிக்கு உட்படுத்தினார்கள். அதிலிருந்து அவள் பேசாமல் வந்து, பேசாமல் வைத்துவிட்டுப் போனாள்.

நடுவர் பாலுசாமிதான். கதையில் வரும் ராஜா, கிழவி, தவளை எல்லாம் அவரே. ராஜா வேடம் மட்டும் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பட்டறையில் இரண்டாவது டீக்குக் கணக்குக் கேட்கும் மனிதர், நடுவர் நாற்காலியில் ராஜாவாக உட்கார்ந்துவிட்டால் கேட்டவர்க்கெல்லாம் பாதி நாட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அந்த நாட்டை இதுவரை எத்தனை பேர் பாதி வாங்கியிருக்கிறார்கள் என்பது செயலாளருக்கே தெரியாது.

ஒரு ஞாயிறு கொடூரன் ராஜாவின் உயிரைக் காப்பாற்றினான். "வீரனே, என்ன வரம் வேண்டும்? கேள்!" என்று முழங்கினார் பாலுசாமி.

அருள்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதைவிட நல்ல சமயம் வராது. "தனியாச் சொல்லோணும் மகாராஜா" என்றான்.

விதிப்படி நடுவரிடம் ரகசியம் பேச ஒரு ரகசிய அறை உண்டு. கிரைண்டர் கல் அடுக்கி வைக்கும் அறைதான் அது. இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிக்கல். அருள்குமார் பிறந்ததும் வளர்ந்ததும் தறிக் கொட்டகையில். எந்நேரமும் தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. அவன் குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவது மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஆளைக் கூப்பிடுவதற்குச் சமம்.

"மகாராஜா! உங்க பொண்ணு லோகப்பிரியாவும் நானும் ரெண்டு வருஷமாப் பழகறமுங்க! எனக்கே கட்டிக் குடுத்துருங்க!"

மாடியில் மீரானின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. கீழே ஷோரூமில் கிரைண்டர் விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் மேலே பார்த்தார். எதிர்ப்புற பேக்கரியில் தேங்காய் பன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

கதவு திறந்தது. பாலுசாமி மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து வெளியே வந்தார். "ஏண்டா, என்ற புள்ளைய..." என்று ஆரம்பித்தார்.

மீரான் ஒரே பாய்ச்சலில் குறுக்கே வந்து சிவப்பு அட்டையை நீட்டினார்.

"தலைவர் முகத்துல அறிவு தெரியுதுங்க!"

மன்ற வரலாற்றில் தலைவருக்கு அட்டை நீட்டப்பட்டது இதுவே முதல் முறை. உடனே அவசரக் குழு கூடியது. வெங்கடபதி எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"கொடூரன் ராஜாகிட்டச் சொல்லியிருக்கறான். அது ராஜாவுக்குத் தெரியும். நம்ம தலைவர் அந்த ரூம்புலயே இல்லீங்க. அப்பறம் அவருக்கு எதுக்குங்க கோவம்? இந்த மன்றம் ஆரம்பிச்ச நாள்லருந்து இங்க ஆருக்கும் எதுவும் தெரிஞ்சதில்லீங்க. அந்தப் பேரைத் தலைவரே கெடுத்துப்போடலாமுங்களா?"

கைதட்டல். பாலுசாமியும் பழக்கதோஷத்தில் தட்டினார். தட்டும்போதே அவர் முகம் மெல்லத் தெளிந்தது. தனக்குத் தெரியாது! தெரியாதென்றால் தாராபுரத்துப் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதி இவ்வளவு நல்ல விதி என்பது அவருக்கே அன்றுதான் உறைத்தது.

"நல்லாச் சொன்னீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கொடூரனோட மனு நிலுவையில இருக்கட்டும்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் அருள்குமார் பட்டறைக்கே போய் நின்றான்.

"ஏனுங்க, நேத்து நான் சொன்னதுங்க..."

"நீங்க என்ன தம்பி சொன்னீங்க? நீங்க நேத்துப் பேசவே இல்லீங்களே. கொடூரனல்லோ பேசுனான்?"

"சரிங்க, இப்ப நானே சொல்றனுங்க..."

"வேண்டாமுங்க. மனு நிலுவையில இருக்கறப்ப அதைப்பத்தி வெளியில பேசுனா விசாரணை கெட்டுப்போயிரும்." பாலுசாமி அன்போடு அவன் தோளைத் தட்டினார். "வார ஞாயித்துக்கிழமை என்ற பொண்ணுக்கு உப்புச் சக்கரை வெச்சிருக்குதுங்க. மறக்காம வந்துருங்க."

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாணப் பேச்சு முடிந்த மாதிரி. அப்புறம் இரு வீட்டாரும் வாக்கு மாற மாட்டார்கள். அருள்குமாருக்கு அந்த ஒரு வாரம்தான் இருந்தது.

வீட்டில் லோகப்பிரியா வாய் திறந்தபோதெல்லாம் பாலுசாமி, "விசாரணையில இருக்குது கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நீங்களுந்தான கேட்டீங்க? அப்பாகிட்டச் சொல்லுங்களேன்."

"எல்லாங் கேட்டுச்சு அம்மணி. ஆனா நான் மெம்பராமே. எனக்குத் தெரியக் கூடாதாம்" என்று சாந்தாமணி முறுக்கு மாவைப் பிசைந்தாள். கொஞ்சம் பலமாகவே பிசைந்தாள்.

பாலுசாமியே பேக்கரிக்குப் போய் ஊர் எவ்வளவு கேட்டது என்று விசாரிக்கப் பார்த்தார். பின்னாலேயே வந்த மீரான் தடுத்துவிட்டார். "தெரியாதவரு எதைங்க விசாரிப்பாரு? விசாரிச்சா உங்களுக்குத் தெரியும்னு ஆயிருமுங்க." பாலுசாமி ஒரு பன் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஞாயிறு வந்தது. மண்டபத்துக்கு வாடகை எதற்கு என்று பாலுசாமி உப்புச் சர்க்கரையை மன்ற மாடியிலேயே ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் வெங்கடபதி கூட்டத்தை ஒத்திவைக்க மறுத்துவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பக்கூடக் கூட்டம் நின்னதில்லீங்க. இப்ப ஒரு விசேஷத்துக்காக நிறுத்துனா நாளைக்கு ஆரு மதிப்பாங்க?"

கடைசியில் சமாதானம் ஆனது. மாடியின் ஒரு பாதியில் பாய் விரித்துத் தாராபுரத்தார். மறுபாதியில் கருங்கல் பலகையைச் சுற்றி மன்றத்தார். பாயில் இருக்கும்போது பாலுசாமி பெண்ணின் அப்பா. நடுவர் நாற்காலியில் இருக்கும்போது ராஜா. இரண்டும் கலக்காமல் மீரான் பார்த்துக்கொள்வார்.

மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து தங்கமான மனிதர். அமராவதி ஆற்றில் தண்ணீர் வருவது பற்றிப் பேசினார். சம்பந்தி திடீரென்று எழுந்துபோய், "பூதங்கள் மூன்று! வாளை உருவுங்கள்!" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்து, "ஆமாங்க, தண்ணி இந்த வருசம் பரவாயில்லீங்க" என்று தொடர்ந்தபோதும் மரியாதைக்காகத் தலையாட்டினார். பலகையிலிருந்து உருண்டு வந்த இரும்புக் கட்டையை எடுத்துக் கொடுத்து, "எடைக்கல்லுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல நேரம் நெருங்கியது. தட்டில் உப்பும் சர்க்கரையும் தயார். பாயில் உட்கார்ந்து உட்கார்ந்து பாலுசாமிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் காலை நீட்டலாம் என்று போய் நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சமயத்தில்தான் லோகப்பிரியா காபித் தட்டோடு வந்தாள். பாயைத் தாண்டிப் போய் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"மகாராஜா!"

"யாரங்கே? சொல், பெண்ணே, அஞ்சாதே!" பாலுசாமியின் வாய், அவரைக் கேட்காமலேயே பேசிவிட்டது.

அடுத்த நொடி சுதாரித்து எழப் பார்த்தார். வெங்கடபதி தோளை அழுத்தினார். "ராஜா பேச ஆரம்பிச்சாச்சுங்க. பாதியில எந்திரிக்கக் கூடாது."

"கொடூரன்னு ஒருத்தரு உங்க பொண்ணைக் கேட்டாருங்க மகாராஜா. மனு நிலுவையில இருக்குதுங்க. பொண்ணுக்கும் சம்மதமுங்க. பதில் சொல்லோணும்" என்றாள் லோகப்பிரியா. குரல் நடுங்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் அருள்குமார் எழுந்து நின்றான்.

பாலுசாமி பாயைப் பார்த்தார். மீரானின் கை சட்டைப் பைக்குள் போனது. "அங்க ஆரையும் ராஜாவுக்குத் தெரியாதுங்க."

"அப்ப மறுக்கறனுங்க" என்றார் பாலுசாமி.

"காரணம் சொல்லோணுங்க" என்றார் வெங்கடபதி.

"பையனுக்கு ரைஸ் மில்லு இல்லீங்களே!"

"ராஜா காலத்துல ஏதுங்க ரைஸ் மில்லு? அவருக்கு உலக்கைதான் தெரியும்."

"அவன் தறிக்காரன்."

"அது அருள்குமாருங்க. கொடூரன் பனிமலையில பொறந்தவன். ராஜாவுக்கு உசுரையே காப்பாத்திக் குடுத்தவன். அவனை ராஜா வேண்டாம்னு சொன்னா, அப்பறம் நம்ம விளையாட்டுல என்னங்க நியாயம்?" நியாயம் என்ற சொல்லை வெங்கடபதி உணர்ச்சியோடு உச்சரித்தார். அவர் யாருக்கும் சார்பாகப் பேசவில்லை. அங்கே யாருடைய கல்யாணம் நடக்கிறது என்பதே அவருக்கு அந்த நேரத்தில் தெரியாது.

லோகப்பிரியா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மகாராஜா, போன வருஷம் ஒரு தவளைக்குப் பாதி நாட்டைக் குடுத்தீங்க. கீழ இருந்து கேட்டேன். நான் நாடு கேக்கலீங்க."

பாலுசாமி மகளைப் பார்த்தார். வீட்டில் அவள் 'அப்பா, சாவி எங்க' என்று கேட்டது மட்டும்தான் இதுவரை அவர் காதில் ஏறியிருந்தது. இப்போது கை கட்டாத குறையாக நிற்கிறாள், கண் நிறைந்து நிற்கிறாள். இப்படி வந்து நின்ற எவரையும் அந்த ராஜா வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கெஞ்சிய பூதத்துக்குக்கூட மலையடிவாரத்தில் இடம் ஒதுக்கியவர். பாலுசாமியின் முதுகு நிமிர்ந்தது. கை தானாக உயர்ந்தது.

"கொடுத்தோம்!" என்று அவர் முழங்கியதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "பெண்ணையும் கொடுத்தோம், பாதி நாட்டையும் கொடுத்தோம்!"

மன்றத்தார் கைதட்டினார்கள். பாயில் யாரும் தட்டவில்லை. தாராபுரத்தார் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்கள்.

பாலுசாமி நாற்காலியிலிருந்து இறங்கிப் பாய்க்கு ஓடினார். "ஏனுங்க, ஏன் எந்திரிச்சுட்டீங்க?"

"இப்பத்தானுங்க பொண்ணை வேற எடத்துக்குக் குடுத்தீங்க" என்றார் நாச்சிமுத்து.

"நானுங்களா? அது ராஜாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க!" பாலுசாமியின் முகம் துடைத்த கல் மாதிரி இருந்தது. மீரான் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "துளி அறிவு தெரியலீங்க. இப்புடி ஒரு சுத்தமான முகத்தை நான் பாத்ததே இல்லீங்க" என்று மெச்சினார்.

"ராஜா எது, நீங்க எதுன்னு பிரிச்சுப் பாக்க எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க மெம்பருங்க இல்லீங்களே" என்றார் நாச்சிமுத்து, ஒரு சொல் கடிந்து பேசாமல்.

அப்போது சாந்தாமணி கையிலிருந்த கரண்டியை உப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் மன்றத்துலருந்து விலகிக்கறனுங்க."

"எழுத்து மூலமா ஒரு மாசம் முன்னாடியே சொல்லோணுங்க" என்றார் வெங்கடபதி.

"அப்ப இந்த ஒரு மாசமும் எனக்கு அடுப்பு எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க. பரவாயில்லீங்களா?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சமையல் வாசனை வந்த திசையைப் பார்த்தார். விலகல் உடனடியாக ஏற்கப்பட்டது.

"இப்ப எனக்கு எல்லாந் தெரியுமுங்க" என்று சாந்தாமணி அருள்குமார் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க அப்பா அம்மாவைச் சோமனூர்லருந்து வரச் சொல்லுங்க. உப்பும் சக்கரையும் அப்புடியேதான் இருக்குது." பிறகு தாராபுரத்தாரைக் கும்பிட்டாள். "எங்க மேல தப்புங்க. ஆனா இலை போட்டாச்சு. சாப்புடாமப் போயிராதீங்க."

கல்யாணம் முறிந்ததற்காக யாரும் சாப்பாட்டை முறிப்பதில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருள்குமாரே பரிமாறினான். அவசரமாக ஊற்றியதில் பருப்பு கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. மாப்பிள்ளையாக வந்த சபரிநாதன் அதைப் பொருட்படுத்தவில்லை. அருள்குமாரின் வேட்டி நுனியைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏனுங்க, உங்க மன்றத்துல வெளியூர்க்காரங்களைச் சேத்துக்குவாங்களா?"

"ஏனுங்க?"

"தாராபுரத்துல ஒரு கிளை ஆரம்பிக்கோணுங்க. உடுமலையில ஒரு டீச்சர் இருக்கறாங்க. மூணு வருஷமாச்சு. எங்க அப்பாகிட்ட எப்புடிச் சொல்றதுன்னே தெரியலீங்க."

அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, முகத்தில் ஒன்றுமே தெரியாமல், ரசம் கேட்டார்.